ஆளில்லாத நாற்காலியிடம் வாங்கிய சம்மதம்

ரெஜினா மேடம் காலமான செய்தி அத்திபெலே சுங்கச்சாவடியில் எனக்கு வந்தது. திங்கட்கிழமை காலை. ஓசூரிலிருந்து நான் வரும் பஸ் வழக்கம்போல லாரிகளுக்கு நடுவில் சிக்கி நின்றிருந்தது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எங்கள் இயக்குநர் நான்கு வரி எழுதியிருந்தார். ஆழ்ந்த வருத்தம், நேற்று மாலை, நீண்ட நோய்க்குப் பின், ஈடு செய்ய முடியாத இழப்பு. அதன் கீழே கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்தும் படத்தைப் போட்டுவிட்டுப் பிறகு அழித்தார்.

திரையைத் தள்ளிப் பார்த்தேன். அந்தச் செய்திக்கு நேர் மேலே வியாழக்கிழமை வந்த இன்னொரு செய்தி அப்படியே இருந்தது. அதுவும் இயக்குநர் போட்டதுதான். ‘அறிக்கையின் இறுதி வடிவம் இணைக்கப்பட்டுள்ளது. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேபம் வராவிட்டால் அனைவரும் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.’ இரண்டு செய்திகளுக்கும் நடுவில் யாரும் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. நானும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் வர்த்தக ஆய்வு நிலையத்தின் செய்திமடலுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அஞ்சலி எழுதித் தரும்படி இயக்குநர் என்னிடம் கேட்டார். கொஞ்சம் பாசிட்டிவாக இருக்கட்டும் என்றும் சொன்னார். உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. ஆகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். மேடத்தைத் தெரிந்தவர்கள் இதில் சிலவற்றை அறிந்திருப்பார்கள். கடைசி வாரத்தில் நடந்தது அவர்களுக்கும் தெரியாது.

ரெஜினா மேடம் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா ஓசூர் ரோட்டில் ஓர் ஏற்றுமதி கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தார். மேடம் கல்லூரியில் சேர்ந்த வருடம் அந்தக் கம்பெனியை மூடினார்கள். வெளிநாட்டில் ஏதோ விதி மாறிவிட்டது, இனி ஆர்டர் வராது என்று கேட்டில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்களாம்.

“எங்கம்மா அந்தப் பேப்பரக் கிழிச்சுக்கினு வந்துட்டாங்க. ‘இத யாரு முடிவு பண்ணாங்க, படிச்சுச் சொல்லு’ன்னாங்க. எனக்கு இங்கிலீஷு நல்லாத் தெரியும். ஆனா யாருன்னு அதுல போடவே இல்ல” என்று மேடம் ஒருமுறை சொன்னார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வர்த்தகச் சட்டம் படித்தேன் என்றெல்லாம் அவர் மேடையில் சொன்னதில்லை. அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நான்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன்.

நான் எங்கள் நிலையத்தில் சேர்ந்தபோது எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் எல்லோரையும் போல நானும் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் இயக்குநருக்கு மட்டும்தான் இருந்தது. என் முதல் கட்டுரையில் ‘உறுப்பு நாடுகள் இதை ஒருமனதாக ஏற்றன’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேடம் அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

“சேகர், ஒருமனதான்னு எழுதியிருக்கீங்களே, அன்னிக்கு ரூம்ல எத்தன பேரு இருந்தாங்க?”

“அது தெரியாது மேடம். ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு.”

“ரெக்கார்டு எழுதுனவரு ரூம்ல இருந்திருப்பாரு. மத்தவங்க?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவனிடம் ஆள் எண்ணச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அவர் என்ன கேட்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடத்தின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போனது.

நாடுகளுக்கிடையே சரக்கு எப்படிப் போக வேண்டும், வரி எவ்வளவு இருக்கலாம் என்று விதி செய்கிற அமைப்பு ஜெனீவாவில் இருக்கிறது. அங்கே ஓட்டெடுப்பு நடப்பதில்லை என்றே சொல்லலாம். தலைவர் ஒரு முடிவைப் படிப்பார். ஆட்சேபம் உண்டா என்பார். அறையில் இருக்கும் யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அன்றைக்கு அறைக்கே வராத நாடும் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். பெரிய நாடுகளுக்கு அங்கே கட்டடம் நிறைய ஆட்கள். சின்ன நாடுகளில் சிலவற்றுக்கு ஓர் அதிகாரி, அவருக்கு ஓர் உதவியாளர். ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் மூன்று கூட்டம் நடந்தால் அந்த ஒருவர் எங்கே உட்காருவார்? கேட்டால், அழைப்பு அனுப்பினோமே என்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சின்ன நாட்டுக்குச் சட்ட ஆலோசகராக மேடத்தை எங்கள் நிலையம் ஒரு வருடத்துக்கு அனுப்பியது. எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். பருத்தியும் துணியும்தான் அவர்கள் பிழைப்பு. அந்த நாட்டு அதிகாரி ஒரு பெண்மணி. இரண்டு கையிலும் ஃபைல் வைத்துக்கொண்டு மாடிப்படிகளில் ஓடிக்கொண்டே இருப்பாராம். லிஃப்டுக்குக் காத்திருந்தால் ஒரு முடிவு போய்விடும் என்பாராம்.

அந்தக் கூட்டங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி, அதன் முன் மேசையில் நாட்டின் பெயர்ப்பலகை. பேச வேண்டும் என்றால் கையைத் தூக்க மாட்டார்கள். படுத்திருக்கும் பலகையை எடுத்துச் செங்குத்தாக நிறுத்துவார்கள். தலைவர் அதைப் பார்த்துக் கூப்பிடுவார். ஆலோசகர்களுக்குப் பின்வரிசை. அவர்கள் பலகையைத் தொடும் வழக்கம் இல்லை.

ஒருநாள் காலை அந்த அதிகாரி பக்கத்து அறைக்கு ஓடும்போது, பத்து நிமிடத்தில் வருகிறேன், இங்கே பார்த்துக்கொள் என்று மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் தலைவர் நிகழ்ச்சி நிரலின் ஏழாவது பொருளை எடுத்தார். அது வரிசையில் கடைசியாக இருந்தது, முன்னால் இழுத்துவிட்டார்கள். ஒரு வரிச்சலுகையை நீட்டிப்பது பற்றிய பேச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பது, அவ்வளவுதான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் சலுகை அந்த வருடமே முடிகிறது. அந்த நாட்டுத் துணிக்கு இருந்த ஒரே ஆதரவு அது.

இதை மேடம் என்னிடம் பல வருடம் கழித்துச் சொன்னார். “எந்திரிச்சு முன்னாடி போயிட்டேன் சேகர். கைய போர்டு மேல வச்சுட்டேன். நிமித்தி வைக்க வேண்டியதுதான் பாக்கி. நமக்கு இதுக்கு அதிகாரம் இல்லயே, அந்தம்மாவுக்குப் பிரச்சினை ஆயிடுமோன்னு ஒரு யோசனை. மூணு செகண்டு இருக்கும். டக்குனு சுத்தியல் தட்டிட்டாரு. ஒருமனதாம்.”

அதிகாரி மூச்சுவாங்க ஓடி வந்தார். ஏழாவது என்னவாயிற்று என்று கேட்டார். மேடம் சொன்னார். அந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, தன் பலகையைக் கையில் எடுத்து, அதில் தூசி ஒன்றும் இல்லாதபோதும் துடைத்துவிட்டுத் திரும்பப் படுக்க வைத்தார். “என்னத் திட்டியிருந்தாக்கூட தேவலாம்” என்று மேடம் சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பெங்களூருக்குத் திரும்பியவர் ஒரு வாக்கியத்தை எழுதினார். ‘கூட்டத்தில் இல்லாத உறுப்பினரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது.’ அதற்கு ஆதரவாகப் பத்து வருடம் மற்றதையெல்லாம் எழுதினார். முடிவைப் பத்து நாளுக்கு முன் எழுத்தில் அனுப்ப வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் வைக்கக் கூடாது, சில நாடுகளை மட்டும் கூப்பிட்டுப் பேசும் சின்ன அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பட்டியல் வெளியிட வேண்டும். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஓர் அபார்ட்மெண்ட் சங்கத்தில்கூடக் கேட்கக்கூடிய நியாயம்தான். கருத்தரங்குகளில் இதைப் படித்தால், மிகவும் சுவாரசியமான யோசனை என்பார்கள். அப்படிச் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று அர்த்தம் என்பதை நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டோம்.

எங்கள் அலுவலகத்திலேயே அவர் அதைத் தொடங்கினார். தம்பி ஜெரால்டு விவேக் நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே எல்லோருக்கும் பெயர்ப்பலகை அடித்துக்கொண்டு வந்து கூட்ட மேசையில் வைத்தார். டீ கொண்டுவரும் நாகம்மாவுக்கும் ஒன்று, கன்னடத்தில். நாங்கள் சிரித்தோம். இரண்டாவது கூட்டத்திலேயே நாகம்மா தன் பலகையை நிமிர்த்தி வைத்து, கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

“மேடம், டீ குடிக்கறவங்க கப்ப சிங்க்ல போடலன்னா பரவால்ல. ஜன்னல்ல வெக்கறாங்க. எறும்பு பர்த்தது, வருது. நான் இல்லாதப்போ வெக்கறாங்க, யாருன்னு கேக்கங்கில்ல, கேக்க முடியல.”

“கேட்டுக்குங்க. ஆள் இல்லாதப்போ நடக்கறதுதான் எல்லாமே” என்றார் மேடம். ஜன்னலில் கப் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். எங்கள் நிலையம் இதுவரை போட்ட தீர்மானங்களில் நிறைவேறியது அது ஒன்றுதான் என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வதுண்டு.

வீட்டிலும் இதே கதைதான். கிறிஸ்துமஸுக்கு மட்டனா சிக்கனா என்று பேச்சு வந்து, எல்லோரும் மட்டன் என்று ஜெரால்டு முடித்தால், “இன்னும் வராதவங்களக் கேட்டியாடா?” என்பாராம். “இவங்க இருக்கற வீட்ல எட்டு மணிக்கு ஆரம்பிச்சா பதினொண்ணுக்குத்தான் சார் கடைக்கே போவோம்” என்று ஜெரால்டு என்னிடம் புலம்பியிருக்கிறார்.

போன வருடம் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை, உலக வணிக அமைப்புகளைச் சீர்திருத்துவது பற்றி ஓர் அறிக்கை தயாரித்துத் தரும்படி எங்கள் நிலையத்தைக் கேட்டது. ஜெனீவாவில் வைத்து வெளியிடப் போகிறார்களாம். மேடம்தான் முதன்மை ஆசிரியர். அந்த வாக்கியத்துக்குக் கடைசியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார். ஆறாம் அத்தியாயம், நான்காவது பத்தி. அதே மாதத்தில்தான் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

சிகிச்சைக்கு நடுவில் விவேக் நகரில் தம்பி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினார். வலது கையில் ஊசி போட்ட நாட்களில் இடது கையால் தட்டச்சு செய்தார். அறிக்கை முடிந்தது. அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. எல்லாம் அருமை, ஆறாம் அத்தியாயத்தின் நான்காவது பத்தி மட்டும் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, மென்மையாக்க முடியுமா?

அதைப் பேச இயக்குநர் கூட்டம் வைத்தது ஒரு புதன்கிழமை. அன்றைக்கு மேடத்துக்கு மருத்துவமனை நாள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். காலண்டரில் நாகம்மா சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். மேசையில் நாங்கள் ஐந்து பேர். மேடத்தின் நாற்காலி காலி. அதன் முன்னால் அவருடைய பலகை படுத்திருந்தது. இயக்குநர் புதிய பத்தியைப் படித்தார். ‘கூட்டத்தில் இல்லாத உறுப்பினரின் கருத்தை இயன்றவரை கவனத்தில் கொள்ளலாம். எனினும் தற்போதைய நடைமுறை பொதுவாகச் சரியாகவே செயல்படுகிறது.’

ரெஜினாவுக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை, யாருக்கும் ஆட்சேபம் இல்லையே என்று கேட்டார். என் பலகை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த மாதம் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நொடியில் இதெல்லாம் என் தலைக்குள் வந்து போனது உண்மை. அப்புறம் இயக்குநர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மறுநாள்தான் அந்த வாட்ஸ்அப் செய்தி. வெள்ளிக்கிழமை ஐந்து மணி அடித்தது. அறிக்கை ஜெனீவாவுக்குப் போனது. அட்டையில் முதல் பெயர் ரெஜினா மேடத்துடையது.

சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். நான் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் ஜெரால்டு அவருடைய போனில் அந்தச் செய்தியையும் மாறிய பத்தியையும் ஏற்கெனவே படித்துக் காட்டியிருந்தார். மேடம் மிகவும் இளைத்திருந்தார். குரல் மட்டும் அதே குரல்.

“ரூம்ல எத்தன பேரு இருந்தீங்க?”

“அஞ்சு பேரு மேடம்.”

“நீங்களும் இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“உங்க போர்டு?”

“படுத்துதான் இருந்துச்சு மேடம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். “மூணு செகண்டுதான் இருக்கும், இல்ல?” என்றார். “எனக்குத் தெரியும் சேகர். அந்த மூணு செகண்டு எனக்கு நல்லாத் தெரியும்.”

திட்டியிருந்தால் தேவலாம் என்று அவர் அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அதுல இருந்து என் பேர எடுக்கச் சொல்லுங்க. அந்த ஊர்ல அந்த ஆபீசரம்மா இன்னும் வேலையிலதான் இருக்காங்க. அவங்க கைக்கு அந்த புக்கு போவும். மொதல்ல என் பேரப் பாப்பாங்க.”

“கண்டிப்பா மேடம். திங்கக்கிழமை போனதும் மொத வேலை அதுதான்” என்றேன். சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை மாலை போய்விட்டார்.

அடக்கம் செவ்வாய்க்கிழமை. குழந்தை இயேசு கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குக் கொண்டுபோனோம். இயக்குநர் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். பெயரை எடுப்பது பற்றிக் கேட்டேன். இது அதற்கான இடம் இல்லை சேகர் என்று தோளைத் தட்டினார். இடம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கான இடம் போன புதன்கிழமை இருந்தது.

அடுத்த புதன்கிழமை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். ஜெரால்டையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடத்தின் நாற்காலியில் அவருடைய படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள், முன்னால் அந்தப் பலகை. இயக்குநர் இரங்கல் தீர்மானத்தைப் படித்தார். நன்றாக எழுதியிருந்தார், பொய் சொல்லக் கூடாது. கடைசி வரிதான் விஷயம். மேடத்தின் வாழ்நாள் கனவான அறிக்கை அடுத்த மாதம் ஜெனீவாவில் அவர் பெயரோடு வெளியாகும், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலி. பிறகு எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நின்றோம்.

நான் கை நீட்டி மேடத்தின் பலகையை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

இயக்குநர் அதைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் மரியாதை செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த அறையில் நாகம்மாவுக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரிந்தது. கதவோரம் நின்றிருந்தவர் என்னைப் பார்த்து, “மாத்தாடி சார், பேசுங்க” என்றார்.

பேசினேன். மௌனத்துக்கு நடுவிலேயே பேசினேன். “ரெஜினா மேடம் இதுக்கு சம்மதிக்கல. அந்தப் பத்திய மாத்துனது நாம. அவங்க பேர எடுக்கச் சொல்லி என்கிட்ட கேட்டாங்க. எனக்கு ஆட்சேபம் இருக்கு.” வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறீர்கள், பிறகு பேசுவோம் என்றார் இயக்குநர். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் கூட்டக் குறிப்பு எல்லோருக்கும் வந்தது. ‘இரங்கல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.’ நிமிர்ந்த பலகையின் படத்தை நிலையத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே ‘என்றும் எங்கள் நினைவில்’ என்று எழுதியிருக்கிறது.

இரங்கல் கூட்டம் நடந்த அன்று மாலை கிளம்பும்போது ஜெரால்டு படிக்கட்டில் என்னை நிறுத்தினார். “அக்கா பேர எடுத்துருவாங்களா சார்?” என்றார். மெயில் எழுதியிருக்கிறேன், அறக்கட்டளைக்கும் எழுதியிருக்கிறேன், தெரியவில்லை என்றேன். இதை எழுதும் இன்றுவரை யாரும் பதில் போடவில்லை. அவர்கள் மௌனத்தை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

ஜெரால்டு தன் பையிலிருந்து மேடத்தின் பலகையை எடுத்து நீட்டினார். “இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னு குடுத்தாங்க சார். எங்க வீட்ல வச்சு இன்னா பண்றது? நீங்க வச்சுக்குங்க.” வாங்கிக்கொண்டேன். வாங்க எனக்குத் தகுதி இல்லை என்று சொல்ல நினைத்து, அதையும் சொல்லவில்லை.

அந்தச் சின்ன நாட்டு அதிகாரி அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைத் தமிழில் படிக்க மாட்டார், ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறேன். அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வந்தால், முதல் பெயரை நம்பாதீர்கள். அவர் அந்த அறையில் இல்லை. நான் இருந்தேன்.

மேடம், போய்வாருங்கள். உங்கள் பலகை என் வீட்டு மேசையில் நிமிர்ந்து நிற்கிறது. தூசி தட்டும்போது என் மனைவி அதைப் படுக்க வைத்துவிடுகிறாள். நான் மறுபடி நிமிர்த்தி வைக்கிறேன். இன்னும் யாரும் உங்களைப் பேசக் கூப்பிடவில்லை.